காற்புள்ளி கேட்கும் கேள்வி

ஆங்கிலம் கற்பிக்கும் நம் வகுப்புகளில் நிறுத்தக்குறிகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆண்டின் கடைசி வாரந்தான். வினைச்சொல்லின் காலங்களும், செயப்பாட்டு வினையும், ஒருவர் பேச்சை மற்றொருவர் கூற்றாக மாற்றி எழுதும் பயிற்சியும் முடிந்து, தேர்வு வாசலில் வந்து நின்ற பிறகு, பத்து வாக்கியங்களைக் குறியில்லாமல் கரும்பலகையில் எழுதிப்போட்டு, கமா எங்கே, ஃபுல்ஸ்டாப் எங்கே என்று கேட்டு ஒரு மணி நேரத்தில் காரியத்தை முடித்துவிடுகிறோம். மூச்சு விடும் இடத்தில் கமா, மூச்சு முடியும் இடத்தில் ஃபுல்ஸ்டாப் என்னும் சூத்திரம் ஒன்று பிள்ளைகளின் மனத்தில் அதற்குள் பதிந்துவிடுகிறது. பிறகு தாளிதத்துக்குக் கடுகு போடுவதுபோல் அவர்கள் கமாவைப் போட்டுக்கொண்டே போகிறார்கள். மதுரையிலிருந்து விளாங்குடியைத் தாண்டியதும் வரும் எங்கள் பரவையில், காய்கறி மார்க்கெட் தொடங்கிச் சமயநல்லூர் வரையில் கடைப்பலகைகளைப் படித்துக்கொண்டே ஒரு நடை போய் வந்தால், ஆங்கிலப் பன்மை விகுதிக்கு முன்னால் அவசியமில்லாமல் தொங்கும் அப்பாஸ்ட்ரஃபிகள் எண்ணி மாளா. இவற்றை நான் பெருங்குற்றமாகக் கருதுகிறவன் அல்லன். தக்காளி வாங்க வந்தவர் எவரும் அந்தக் கொக்கியால் ஏமாந்து கத்தரிக்காய் வாங்கிப் போனதில்லை.

மூச்சு என்னும் சூத்திரமும் முற்றிலும் பிழையன்று. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் அலெக்ஸாந்திரியா நூலகத்தின் தலைவராயிருந்த அரிஸ்டோபேனஸ் என்னும் கிரேக்கப் புலவர், இடைவெளியே இல்லாமல் எழுத்துக்கள் தொடர்ந்து ஓடிய அக்கால ஏடுகளில், வாய்விட்டுப் படிப்பவர் சிறிது நிற்கவும், சற்று அதிகம் நிற்கவும், முழுதும் நிற்கவும் வேண்டிய இடங்களை, ஒரே புள்ளியை மூன்று வெவ்வேறு உயரங்களில் இட்டுக் காட்டினார் என்பர். அவர் கருதியது குரலைத்தான். எங்கள் ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து நாடெங்கும் கொண்டு சென்ற பரவை முனியம்மா மேடையேறிப் பாடியதைக் கேட்டவர்களுக்கு, நிறுத்தம் என்பது முதலில் உடம்பின் காரியம், பிறகுதான் எழுத்தின் காரியம் என்பதை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயின் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து அச்சுக்கூடங்களில் கமாவும் அரைப்புள்ளியும் இன்றைய வடிவத்தைப் பெற்ற பின், குரலுக்காகப் பிறந்த குறிகள் படிப்படியாக அர்த்தத்தின் ஊழியத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. இன்றைய ஆங்கிலத்தில் கமாவுக்கு மூச்சோடு உள்ள உறவு தூரத்து உறவே.

அது எத்தகைய ஊழியம் என்பதை ஓர் உதாரணத்தில் காணலாம். 'சென்னையில் இருக்கும் என் தம்பி நாளை வருகிறான்' என்பதை ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தால், என் தம்பி என்று முதலில் சொல்லி, எவன் சென்னையில் இருக்கிறானோ அவன் என்ற கருத்துள்ள தொடரை அதன் பின்னால் கோக்க வேண்டும். அத்தொடரின் இருபுறமும் காற்புள்ளி இட்டால், எழுதியவனுக்கு ஒரே தம்பிதான் உண்டு, அவன் சென்னையில் இருக்கிறான் என்பது உபரியாகச் சொன்ன செய்தி என்று பொருள். காற்புள்ளி இடாவிட்டால், தம்பிமார் பலர், அவர்களுள் சென்னைக்காரனை மட்டும் பிரித்துச் சொல்கிறான் என்று பொருள். இரண்டும் இலக்கண சுத்தமான வாக்கியங்கள். ஆகவே இதைத் திருத்த உட்காரும் ஆசிரியர், தாளை மட்டும் பார்த்துச் சிவப்பு மையால் எதையும் செய்துவிட முடியாது. 'உனக்கு எத்தனை தம்பிகள்?' என்று எழுதியவனைக் கேட்டாக வேண்டும். ரேஷன் கார்டைப் பார்க்காமல் அந்தக் கமாவைச் சரியென்றோ தவறென்றோ சொல்ல வழியில்லை.

தம்பியைக் குறித்த வாக்கியத்தில் இது வேடிக்கையாக இருக்கிறது. அதே அமைப்பில் ஒரு மாணவி, 'அடியாரைக் காக்கும் கடவுள்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் ஆசிரியர் எதைக் கேட்பது? காற்புள்ளி இல்லாமல் எழுதினால், காக்கும் கடவுள் ஒருவர், காவாத கடவுளர் வேறு சிலர் என்ற அர்த்தம் பின்னால் நிழலாடுகிறது. காற்புள்ளி இட்டு எழுதினால், கடவுள் ஒருவரே, காத்தல் அவருடைய இயல்பு என்றாகிறது. வைகைக் கரைக் கிராமத்துப் பாட்டி ஒருத்திக்கு ஆங்கிலம் தெரிந்து, 'எல்லையைக் காக்கும் சாமி' என்று எழுதியிருந்தால், அவள் கமா போடாமல் எழுதுவதே முறை. ஏனெனில் எல்லையைக் காக்கிற கருப்பசாமி வேறு, அம்மை கண்டால் நேர்ந்துகொள்ளும் மாரியம்மன் வேறு, நகரத்துக்குள் பட்டம் கட்டிக்கொண்டு அரசாளும் மீனாட்சி வேறு என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. சைவ சித்தாந்தி கமா போட்டே தீருவார். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் அவ்வாறே. தேர்வுத்தாள் திருத்துகிறவர் இங்கே எழுதியவரின் சமயத்தை விசாரிக்காமல் மதிப்பெண் போட முடியாத நிலை வந்துவிடுகிறது. இவ்வளவு சிறிய குறி இவ்வளவு பெரிய கேள்வியை எழுப்புவது ஆங்கிலத்தின் விசேஷமா, அல்லது அக்கேள்வி எல்லா மொழியிலும் இருந்து, ஆங்கிலம் அதைத் தாளின் மேல் வெளிப்படுத்துகிறதா என்பதுதான் நான் ஆராய விரும்பும் விஷயம்.

நம் இலக்கணத்தார் இதை அறியாதவர்கள் அல்லர். செந்தாமரை என்றால் வெண்டாமரையும் உண்டு. ஆகவே 'செம்மை' என்னும் அடை, இனத்திலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறது. செஞ்ஞாயிறு என்றால் கருஞாயிறு என்று ஒன்று இல்லை. அடை அங்கே எதையும் விலக்கவில்லை, உள்ள பொருளை அலங்கரிக்கிறது. முன்னதை இனமுள்ள அடை என்றும் பின்னதை இனமில்லா அடை என்றும் நம்மவர் பெயரிட்டார்கள். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், இனத்தைச் சுட்டாத இத்தகைய அடையைச் செய்யுளுக்கே உரியதாக ஒதுக்கிவைக்கிறார். பல நூற்றாண்டு கழித்து வந்த நன்னூலார், உலக வழக்கிலும் செய்யுள் வழக்கிலும் இரண்டு வகையும் வரும் என்று கதவைத் திறந்துவிடுகிறார். ஆங்கில இலக்கண நூல்கள் கமா உள்ள தொடர், கமா இல்லாத தொடர் என்று அத்தியாயம் வகுத்துச் சொல்வதன் சாரம் இதுவே. வேற்றுமை ஒன்றுதான்: தமிழ் அந்தப் பேதத்தைக் கேட்பவனின் அறிவில் வைத்தது, ஆங்கிலம் அதை எழுதுகிறவனின் பேனா முனையில் வைத்தது.

தொல்காப்பியரின் ஒதுக்கீடு யோசிக்கத் தக்கது. அன்றாடப் பேச்சில் ஓர் அடைமொழி வந்தால், 'வேறு ஒன்றும் உண்டு போலும்' என்று கேட்பவன் மனம் தானாகவே தேடும். அத்தேட்டம் எழாமல் ஒன்றின் இயல்பை அதன் பெயரோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டிருப்பது புலவர்க்கும் பக்தர்க்கும் மட்டுமே உரிய பேச்சு. துதி என்பதே அவ்வகைப் பேச்சுத்தான். கருணைக்கடலே என்று அழைப்பவன் கருணையில்லாத வேறொரு கடவுளிடமிருந்து இவரைப் பிரித்து அடையாளம் காட்டுவதற்காக அப்படி அழைக்கவில்லை.

சங்கரர் தைத்திரீய உபநிடதத்துக்கு எழுதிய பாஷ்யத்தில் இதே கேள்வி, வியப்பூட்டும் வகையில் இதே இரு உதாரணங்களை ஒட்டி எழுகிறது. பிரம்மத்தைச் சத்தியம், ஞானம், அனந்தம் என்று உபநிடதம் சொல்கிறது. எதிர்வாதி குறுக்கிடுகிறான்: விசேஷணம் என்றால் அது ஒரே ஜாதியைச் சேர்ந்த பலவற்றுள் ஒன்றைப் பிரிக்க வேண்டும், நீலோத்பலம் என்றால் செந்நிற மலரிலிருந்து அது பிரிகிறது, சூரியன் ஒன்றே இருப்பதுபோல் பிரம்மமும் ஒன்றே இருக்கையில், எந்தப் பிரம்மத்திலிருந்து எந்தப் பிரம்மத்தைப் பிரிக்க இந்த விசேஷணங்கள்? சங்கரர் விடை கூறுகிறார்: இவை தன் இனத்திலிருந்து பிரிக்க வந்தவை அல்ல, இலக்கணம் கூற வந்தவை, மற்றெல்லாவற்றிலிருந்தும் பிரம்மத்தை விலக்கிக் காட்டுகின்றன. ஆங்கிலத்தில் எழுத நேர்ந்திருந்தால் ஆதிசங்கரர் அந்த இடத்தில் காற்புள்ளி இட்டிருப்பார் என்பது திண்ணம். இட்டுவிட்டு, அந்தக் காற்புள்ளிக்கும் ஒரு பாஷ்யம் எழுதியிருப்பார் என்பதும் திண்ணம்.

குறி தாளின் மேல் இல்லாதபோது இந்த நிர்ணயம் யாருடைய கையில் இருந்தது? எங்கள் ஊரைக் கடந்து போனதாகக் கொள்ளத்தக்க ஓர் ஏட்டை இங்கே நினைக்கிறேன். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர், மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் அழைக்க மதுரைக்கு வந்து, பாண்டியன் முன்னிலையில் சமணரோடு அனல்வாதமும் புனல்வாதமும் செய்தார் என்றும், வைகையில் அவர் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துச் சென்று திருவேடகத்தில் ஒதுங்கியது என்றும் பெரியபுராணம் கூறுகிறது. திருவேடகம் பரவைக்கு மேற்கே, ஆற்றின் மேலேற்றத்தில் உள்ளது. புராணத்தை அதன் சொற்படியே கொள்வோர்க்கு, அவ்வேடு எங்கள் கரையைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். அந்த ஏட்டில் 'வாழ்க அந்தணர்' எனத் தொடங்கும் திருப்பாசுரம் இருந்தது. காற்புள்ளியோ முற்றுப்புள்ளியோ இருந்திருக்க இடமில்லை. ஓலையில் எழுத்தாணியால் எழுதுவோர், ஓலை பொத்துப்போகும் என்று மெய்யெழுத்தின் தலைப்புள்ளியையே விட்டுவிடுவார்கள். குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு. காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே கோடு. மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியர் விதித்திருந்தும் வழக்கில் அது நின்று நிலைக்கவில்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் மயக்கத்தைத் தீர்க்க, 18ஆம் நூற்றாண்டில், இத்தாலியிலிருந்து மதுரை மிஷனுக்கு வந்த வீரமாமுனிவர் கொம்பை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. ஏட்டில் நம் முன்னோர் தவறாமல் இட்ட குறி ஒன்று உண்டென்றால் அது பிள்ளையார் சுழி. தொடங்குவதற்குக் குறி வைத்தார்களே ஒழிய, நடுவில் எங்கெங்கே நிற்க வேண்டும் என்பதைப் படிப்பவனுக்கே விட்டுவிட்டார்கள்.

விட்டதன் விளைவு என்ன? அந்தத் திருப்பாசுரத்துக்கு அதைப் பாடியவருக்கு ஐந்நூறு ஆண்டுக்குப் பின் வந்த சேக்கிழார், கதையை நடுவழியில் நிறுத்திவிட்டு, பாட்டுப் பாட்டாகப் பொருள் விரித்துச் செல்கிறார். காவியப் புலவர் ஒருவர் தம் காவியத்துக்குள்ளேயே மற்றொருவர் பதிகத்துக்கு உரையாசிரியராக மாறிய அந்த இடம் பெரியபுராணத்திலேயே ஓர் அபூர்வம். ஏடு ஆற்றை எதிர்த்துப் போய்விட்டது. ஆனால் அதிலுள்ள வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்தச் சொல் எதைத் தழுவுகிறது என்பதைச் சொல்ல மற்றொரு மனிதர் வேண்டியிருந்தது.

இவ்வளவு காலம் தமிழ் குறிகளின்றி எப்படி நடந்தது என்று கேட்பாருக்கு, குறிகள் செய்யும் வேலையைச் சொற்களே செய்துவந்தன என்பதுதான் விடை. முற்றுவினை வந்தால் வாக்கியம் முடிந்தது. எச்சம் வந்தால் இன்னும் உண்டு. ஆகாரமும் ஓகாரமும் வினாக்குறி, உம்மை எண்ணும் கமா, ஏகாரம் அழுத்தம். 'என்று' என்பது மேற்கோளை மூடும் குறி; அதைத் திறக்கும் குறி மட்டும் நம்மிடம் இல்லை. இவற்றாலும் தீராத இடத்துக்குப் பொருள்கோள் என்று ஒரு பகுதியையே வகுத்து, நன்னூலார் எட்டு வகை கூறினார். ஆற்றுநீர் என்பது வழுவின்றி நேரே ஓடும் வாக்கியம். தாப்பிசை என்பது நடுவில் நிற்கும் ஒரு சொல் ஊஞ்சலைப் போல முன்னும் பின்னும் சென்று இரு பக்கத்துக்கும் பயன்படுவது. தாப்பிசையில் அமைந்த ஒரு செய்யுளுக்கு ஆங்கில முறைப்படி கமா இட முயன்று பாருங்கள். அச்சொல்லுக்கு முன்னால் இட்டால் ஒரு பக்கம் அறுந்துபோகும், பின்னால் இட்டால் மறுபக்கம் அறுந்துபோகும். அங்கே குறி இடாமல் இருப்பதே சரியான குறி.

இந்தச் சுதந்தரத்தை மிகுதியாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. மதுரை நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டுக்கு உரை வகுக்கையில், எங்கோ கிடக்கும் சொல்லை எடுத்து அடிகள் பல கடந்து வேறெங்கோ கிடக்கும் சொல்லோடு மாட்டிப் பொருள் கூறிச் செல்கிறார். மறைமலையடிகள் 1903இல் முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதியபோது, பாட்டு ஓடுகிற போக்கைச் சிதைத்துச் சொற்களை இப்படி அலைக்கழிப்பது தகாது என்று கடிந்துகொண்டார். நான் இவ்விஷயத்தில் அடிகளார் கட்சிதான். எனினும் நச்சினார்க்கினியர் அவ்வளவு தூரம் நடந்ததற்கு, நடக்க விடும்படி மூலம் திறந்து கிடந்ததும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

இலக்கியத்தில் இது ரசனையின் வழக்கு. வேதத்தில் இது முத்தியின் வழக்கு. ருக்வேதத்தின் ஸம்ஹிதை, சொற்கள் சந்தியால் பின்னிக்கொண்டு ஓடும் வடிவம். அதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பதபாடம் அமைத்தவர் சாகல்யர் என்பது பரம்பரை. பிரித்த மாத்திரத்திலேயே வியாக்கியானம் தொடங்கிவிடுகிறது. பத்தாம் மண்டலத்தில் 'வாய' என்று ஒலிக்கும் ஓரிடத்தைச் சாகல்யர் 'வா', 'ய' என்று இரண்டாகப் பிரித்ததை நிருக்தம் எழுதிய யாஸ்கர் ஏற்கவில்லை. அது பறவைக்குஞ்சைக் குறிக்கும் ஒரே சொல், பிரித்தால் வினையின் ஸ்வரம் மாறவேண்டும், வாக்கியமும் நிறைவு பெறாது என்று அவர் காரணம் காட்டுகிறார். வேதத்துக்குப் பிழையில்லை என்று நம்பியவர்களே வேதத்தைப் பிரித்தவருக்குப் பிழை நேரலாம் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

பறவைக்குஞ்சால் எந்த மதமும் பிளவுபடவில்லை. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு ஒன்பது முறை உபதேசிக்கும் மகாவாக்கியமோ வேறு வகை. அதற்கு முன் நிற்கும் 'ஆத்மா' என்னும் சொல்லின் நெடிலும், பின்வரும் சொல்லின் தொடக்கமும் சேருமிடத்தில், 'தத்' என்று பிரிக்கவும் செய்யலாம், 'அதத்' என்று பிரிக்கவும் சந்தி விதி இடம் தருகிறது. தத் என்றால், அது நீயே. அதத் என்றால், அது நீ அல்லை. 13ஆம் நூற்றாண்டில் மத்வாசாரியர் இரண்டாவது பிரிவைக் கொண்டு, ஜீவனும் ஈசுவரனும் என்றும் வேறு என்னும் துவைதத்துக்கு அவ்வாக்கியத்தையே சாட்சியாக நிறுத்தினார். ஓர் அகரம் சந்திக்குள் ஒளிந்திருக்கிறதா இல்லையா என்பதில் மனிதன் கடவுளா அல்லவா என்ற கேள்வி அடங்கிவிட்டது. ஆயினும் இதைக் கொண்டு எல்லாமே பிரிப்பில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடலாகாது. சங்கரரும் இராமானுஜரும் ஒரே விதமாகப் பிரித்தவர்கள். சொற்களில் அவர்களுக்குள் விவாதமே இல்லை. இருந்தும் ஒருவர் அதில் அபேதத்தைக் கண்டார். மற்றவர், உடலுக்குள் உயிர்போல் ஜீவனுக்குள் நிற்கும் பரமாத்மாவைக் கண்டார். குறி சரியாக விழுந்த பிறகும் அர்த்தம் மிச்சம் இருக்கிறது.

கிறிஸ்தவ உலகிலும் இதே சங்கடம் உண்டு. அகஸ்டின் முனிவர் வேதப் பொருள் காணும் முறையைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில், யோவான் சுவிசேஷத்தின் முதல் வசனத்தை எடுத்துக்கொள்கிறார். 'வார்த்தை' கடவுளே என்று சாற்றும் தொடரில், லத்தீனில் கடைசியாக வரும் 'வார்த்தை' என்னும் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, அச்சொல்லை அடுத்த வாக்கியத்தோடு சேர்த்துவிட்டால், கடவுள் இருந்தார் என்ற அளவில் முதல் வாக்கியம் முடிந்து, கிறிஸ்துவின் தெய்விகம் நழுவிப்போகிறது. மாறுகொள்கையினர் அப்படித்தான் நிறுத்திப் படித்தார்கள். இதற்கு அகஸ்டின் தரும் பரிகாரம் நேர்மையானது. முதலில் விசுவாசத்தின் பிரமாணத்தைப் பார். அதனால் தீராவிட்டால் முன்பின் உள்ள சந்தர்ப்பத்தைப் பார். இரண்டாலும் தீராவிட்டால், எந்த நிறுத்தமும் விரோதமில்லை என்னுமிடத்தில், படிப்பவன் தன் விருப்பப்படி நிறுத்திக்கொள்ளலாம் என்கிறார். நிறுத்தக்குறி விசுவாசத்தைத் தீர்மானிக்கவில்லை, விசுவாசமே நிறுத்தக்குறியைத் தீர்மானிக்கிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட சமயாசாரியர் வேறு எவரையும் நான் படித்ததில்லை.

லூக்கா சுவிசேஷத்தில், சிலுவையில் தொங்கும் இயேசு, மனந்திரும்பிய கள்ளனுக்கு அருளும் வாக்கு மற்றோர் இடம். 'இன்று' என்னும் சொல், வாக்குக் கொடுப்பதைச் சேர்ந்ததா, பரதீசில் இருப்பதைச் சேர்ந்ததா? கமா அச்சொல்லுக்கு முன்னால் விழுந்தால், ஆன்மா இறந்த அன்றே பரதீசை அடைகிறது. பின்னால் விழுந்தால், வாக்குத்தான் இன்றையது, அடைவது உயிர்த்தெழும் நாளில் என்று வாதிக்க இடமுண்டு. அப்படி வாதிக்கும் சபையாரும் உண்டு. மூலமாகிய கிரேக்கத்தில் குறியே இல்லை. ஆங்கிலப் பதிப்பாளர் ஒரு கமாவை இடப்புறமோ வலப்புறமோ நகர்த்தினால் போதும். சொற்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். தமிழில் அந்தச் சௌகரியம் இல்லை. 'என்று உனக்குச் சொல்லுகிறேன்' என்று முடிக்கும் நம் வாக்கியத்தில், 'இன்றைக்கு' என்பதை 'என்று' என்னும் வேலிக்கு உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்பதைச் சொல்லை நட்டே காட்டியாக வேண்டும். நம் பழைய திருப்புதல் அதை வாக்கியத்தின் முகப்பிலேயே வைத்து, பரதீசோடு சேர்த்துவிட்டது. ஆங்கிலத்தில் கமா செய்யும் நிர்ணயத்தைத் தமிழில் மொழிபெயர்ப்பாளர் சொல் அடுக்கிலேயே செய்துவிடுவதால், அது நிர்ணயம் என்றே வாசகனுக்குத் தெரியாமல் போகிறது. குறியின் கட்டாயம் இல்லாத மொழி சுதந்தரமானது என்று முன்னே நான் சொன்னதற்கு இது ஒரு திருத்தம்.

திருக்குர்ஆனில் இக்கேள்வி தன்னையே சுட்டி நிற்கிறது. மூன்றாம் அத்தியாயத்தின் ஏழாம் வசனம், வேதத்தில் தெளிவான வசனங்களும் பல பொருளுக்கு இடம் தரும் வசனங்களும் உண்டு என்று சொல்லி, பின்னவற்றின் விளக்கத்தை அறிந்தவர் யார் என்று கூறுகிறது. இறைவனின் பெயரோடு நிறுத்தினால், அவன் ஒருவனே அறிவான், கல்வியில் ஊன்றியவர்கள் நம்புவதோடு நிற்பார்கள். நிறுத்தாமல் படித்தால், அவ்வறிஞர்களும் அறிவார்கள். பெரும்பான்மையோர் நிறுத்தும் பக்கம். அச்சிட்ட பிரதிகளில் அங்கே 'மீம்' என்னும் எழுத்தைச் சிறியதாக மேலே இட்டு, நிறுத்தியே ஆகவேண்டும் என்று எச்சரிக்கிறார்கள்.

நம் உரைநடைக்கு ஆங்கிலக் குறிகளை ஒழுங்காகக் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). பாதிரியார் பெர்சிவலோடு இருந்து விவிலியத் தமிழாக்கத்துக்கு உழைத்த அதே கை, பின்னர்ப் பெரியபுராணத்தை வசனமாக்கிச் சைவத்தின் பாதுகாப்புக்கு நின்றது. பாதிரிமாரிடம் பழகிய கமாவும் முற்றுப்புள்ளியும் அவர்களை மறுக்கவே பயன்பட்டன. சமயப் பகைக்கு நடுவிலும் குறிகளுக்கு மதம் இல்லை என்று கண்டவர் அவர். 1950களில் மர்ரே எஸ். ராஜம் குறைந்த விலையில் வெளியிட்ட பதிப்புகள், சந்தி பிரித்தும் குறிகள் இட்டும், பண்டிதரின் துணையில்லாமல் சாதாரண மனிதன் பழம்பாட்டைத் தானே படிக்கும்படி செய்தன. அதனால் விளைந்த நன்மைக்கு அளவில்லை. எனினும் அப்படிப் பிரித்த ஒரு பாட்டைப் படித்து வளர்ந்தவனுக்கு, அது வேறு விதமாகவும் பிரியும் என்ற எண்ணமே எழுவதில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் சமயத்தைவிட நிதானமாக நடந்துகொள்கிறது. 1952இல் அசுவினி குமார் கோஷ் வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்து நீதிபதி பி. கே. முகர்ஜியா, சட்ட வாசகத்துக்குப் பொருள் காண்பதில் நிறுத்தக்குறி அற்பமான அம்சமே என்றும், கவனமாகக் குறியிட்ட சட்டத்தில் சந்தேகம் எழுந்தால் அதற்கு மதிப்புக் கொடுக்கலாம், ஆனால் தெளிவான பொருளை அது மீறக் கூடாது என்றும் எழுதினார். சொல் சட்டசபையுடையது, கமா குமாஸ்தாவுடையதாகவும் இருக்கலாம் அல்லவா?

ஆனால் மாணவி எழுதும் ஆங்கில வாக்கியத்தில் சட்டசபையும் குமாஸ்தாவும் ஒருவரே. அவளுடைய தம்பி எத்தனை பேர் என்பதை அவளே அறிவாள். அவளுடைய கடவுள் ஒருவரா பலரா என்பதை அவளே சொல்லக் கடமைப்பட்டவள். அங்கே மூச்சைப் பார்த்துக் கமா போடுவது, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நழுவுவதாகும். பிறர் அருளிய வேதத்திலும் திருமுறையிலும் நாம் இடும் குறியோ நம்முடையது, அருளியவருடையது அன்று. சாகல்யர் பிரித்த பதபாடம் ஸம்ஹிதையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை; இரண்டையும் ஓதினார்கள், இன்றும் ஓதுகிறார்கள். பதினாயிரத்துக்கு மேற்பட்ட ருக்குகளுள் ஆறுக்கு மட்டும் பதபாடமே இல்லை. மிருத்யுஞ்ஜய மந்திரம் என்று நாடெங்கும் ஜபிக்கப்படுவது அவற்றுள் ஒன்று; பிரித்துவைப்பார் இல்லாமையால் அதன் புகழ் குறைந்துவிடவில்லை. தேவாரத்தையும் திவ்வியப் பிரபந்தத்தையும் இனி அச்சிடுவோர், குறியிட்டுப் பிரித்த பாடத்தை ஒரு பக்கத்திலும், சீரும் அடியும் கெடாத பழைய பாடத்தை எதிர்ப்பக்கத்திலுமாக எப்போதும் சேர்த்தே வெளியிடவேண்டும் என்பது என் அபிப்பிராயம். காகிதச் செலவு இரட்டிக்கும் என்று பதிப்பாளர் முறையிடுவார். இரட்டிக்கட்டும்.